பஸ்ஸில் மிஞ்சியிருப்பவர்கள்



2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளின் பின், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அன்று தொடக்கம் நமது வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகின்றது. “ஒரு சின்னக் காரெண்டாலும் எடுத்தால் என்ன?” என்கிறார் தாயார். வெளிநாட்டிலுள்ள மகன் கொஞ்சம் அனுப்புவான், மிச்சத்தை லீசிங்கில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் தகப்பனார். மகளின் ரியூசன், பாட்டியின் கிளினிக், மழைக்காலத்து ஞாயிறு பூசை, கலியாண வீடு, செத்த வீடு என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. அவை பொய்க் காரணங்கள் அல்ல.

வாங்குவதா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. விலையும் வட்டியும் உங்களுக்கே நன்றாகத் தெரியும். நான் எடுத்துக்கொள்வது அதற்கு அடுத்துள்ள கேள்வியை. வாசலில் ஒரு வாகனம், அது காரோ மோட்டார் சைக்கிளோ, ஏற்கனவே நிற்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் காலையில் நகருக்குப் போய்வருவதற்கு எதைத் தெரிவு செய்வது? வாசலில் நிற்கும் வாகனத்தையா, சந்தியில் வந்து நிற்கும் பஸ்ஸையா? இது வசதியைப் பற்றிய கேள்வி மாத்திரந்தானா? அல்லது மனச்சாட்சியும் இதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளதா?

“சுவாமிக்கு வேறு வேலையில்லையா? பஸ்ஸில் போவதும் காரில் போவதும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய விடயமா?” என்று சிலர் சிரிக்கக்கூடும். திருச்சபை அவ்வாறு சிரிக்கவில்லை. 1965ஆம் ஆண்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற தன் ஏட்டில், தன்னை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஒழுக்கத்தைக் கண்டித்தபோது, அதற்கு உதாரணமாக வரி ஏய்ப்பையும், வீதியில் வேகக் கட்டுப்பாட்டை மதியாமையையும் எடுத்துக் காட்டியது. உலகத்து ஆயர்களெல்லாம் கூடியிருந்த அந்தப் பேரவை வண்டியின் வேகத்தைப் பற்றிப் பேசுவதைத் தன் தகுதிக்குக் குறைவாக நினைக்கவில்லை. 2007 ஜூனில் வத்திக்கான் வீதி ஒழுக்கம் பற்றியே ஒரு தனி ஏட்டை வெளியிட்டு, சாரதிகளுக்கென்று பத்துக் கட்டளைகளையும் அதில் சேர்த்தது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலின் 153ஆம் எண்ணை எடுத்து வாசித்துப் பாருங்கள். நகரங்களில் ஓரிருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடும் கார்களின் பெருக்கத்தையும், அதனால் வரும் நெரிசலையும் புகையையும் பற்றிச் சொல்லிவிட்டு, பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் கொடுக்க வேண்டியதன் அவசியத்தை அவர் வற்புறுத்துகிறார். அத்தோடு நின்றுவிடவில்லை. பல நகரங்களில் அந்தப் பொதுப் போக்குவரத்தே மனித மாண்புக்கு ஒவ்வாத நிலையில் இருப்பதையும், கூட்டத்தையும் தாமதத்தையும் பாதுகாப்பின்மையையும் மக்கள் சகிக்க வேண்டியிருப்பதையும் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். பஸ்ஸில் போனவர் எழுதிய எழுத்து என்பது அதிலிருந்தே தெரிகிறது. புவனோஸ் அயர்ஸ் நகரில் கர்தினாலாக இருந்த காலத்தில் அவர் பஸ்ஸிலும் நிலக்கீழ் ரயிலிலும் பயணம் செய்தவர் என்பது உலகறிந்த விடயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வாகனம் வைத்திருப்பது பாவமன்று. நல்ல சமாரியனின் உவமையை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனை அவன் எதில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான்? தன் சொந்தச் சவாரி விலங்கின்மேல். அவனிடம் அது இல்லாதிருந்தால் அந்த உவமை வேறுவிதமாக முடிந்திருக்கும். யுத்த காலத்தில் நமது கிராமங்களில் ஒருவரிடமிருந்த பழைய கார் எத்தனை பிரசவங்களுக்கும் எத்தனை காயக்காரருக்கும் ஓடியது என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருத்தூதர் பணி நூலில் எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர் தன் தேரில் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் ஓடிவந்த பிலிப்புவை ஏறித் தன்னருகில் உட்காரும்படி அழைக்கிறார். அந்தப் பயணத்தின் முடிவில் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. தேரில் ஓர் இடம் வெறுமையாக இருந்ததும், அதை அவர் வழிப்போக்கன் ஒருவனுக்குக் கொடுத்ததும் நல்லதாய்ப் போயிற்று! இன்று நம் வீதிகளில் நான்கு இருக்கைகளோடு ஒருவரை மட்டும் சுமந்து ஓடும் தேர்கள் எத்தனை?

ஆகவே பொருள் அன்று, அதன் பயன்பாடே கேள்வி. புனித தோமஸ் அக்குவினாஸ் இந்த வேறுபாட்டை மிக நுட்பமாக வகுத்து வைத்துள்ளார். பொருளைத் தேடவும் பராமரிக்கவும் மனிதன் அதைத் தனதாக வைத்திருக்கலாம். பயன்படுத்துவதிலோ, அதைத் தனக்கே உரியதென்று கருதாமல், பிறர் தேவையில் பகிர்ந்துகொள்ளும் ஆயத்தத்தோடு பொதுவானதாகக் கருத வேண்டும் என்பது அவர் போதனை. வாகனம் என்னுடையது, சரி. அது ஓடும் வீதி யாருடையது? அந்த வீதியில் நான் அடைத்துக்கொள்ளும் இடம் யாருடையது?

ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் இருந்து போகலாம். அந்த பஸ் வீதியில் பிடிக்கும் இடம் மூன்று கார்களின் இடத்துக்கு மேல் வராது. அதே ஐம்பது பேரும் காருக்கு இருவராகப் புறப்பட்டால் இருபத்தைந்து கார்கள். இதைக் கணக்கிட்டுப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. காலை ஏழு மணி தாண்டி நமது நகரப் பாடசாலைகளின் வாசலில் கால்மணி நேரம் நின்றால் போதும். ஏழரை மணிக்குப் பாடசாலை ஆரம்பம். ஏழே காலுக்கு வீதியில் அசைய இடமில்லை. கார்கள், முச்சக்கர வண்டிகள், முன்னுக்கு ஒரு பிள்ளை பின்னுக்கு இரண்டு பிள்ளைகள் என்று ஏற்றிவந்த மோட்டார் சைக்கிள்கள். நடுவில், நடந்தும் சைக்கிளிலும் வருகின்ற பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு புகுந்து போகிறார்கள். ஒரு தகப்பனாரை நிறுத்தி, “ஏன் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பவில்லை?” என்று கேளுங்கள். “இந்த வாகன நெரிசலுக்குள் எப்படி அனுப்புவது, சுவாமி?” என்பார். அவர் சொல்வது முற்றிலும் நியாயம். ஆனால் அந்த நெரிசலில் ஒரு வாகனம் அவருடையது. அவருக்கு முன்னே நிற்பவரும் பின்னே ஒலி எழுப்புபவரும் அதே பதிலைத்தான் சொல்வார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குப் பயந்து வாகனத்தில் வருகிறார்கள். எல்லோரும் சேர்ந்து அந்தப் பயத்தை உண்டாக்குகிறார்கள்.

ஒழுக்கவியலில் இது கடினமான முடிச்சு. தனித்தனியே எடுத்தால் ஒருவர் செயலிலும் குற்றம் காணமுடியாது. கூட்டிப் பார்த்தால் ஒரு தீமை நம் கண்முன் நிற்கிறது. யார் செய்தது? ஒருவரும் செய்யவில்லை, எல்லோரும் செய்தோம். “என் ஒருவனின் வண்டியால் என்ன வந்துவிடப் போகிறது?” என்ற கேள்விக்கு, கணக்கின்படி, “ஒன்றும் வராது” என்பதுதான் பதில். அதே கணக்கின்படி என் ஒரு வாக்கினால் தேர்தல் முடிவு மாறுவதில்லை; என் ஒருவனின் சந்தாவினால் கோயில் கூரை எழும்புவதுமில்லை. ஆயினும் நாம் வாக்களிக்கிறோம், சந்தாவும் கொடுக்கிறோம். விளைவை மட்டும் எடைபோட்டு வாழ்கின்றவர் ஒரு பங்கிலும் உறுப்பினராக இருக்க முடியாது.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கிய விடயம் நெரிசலன்று, புகையுமன்று. அதைவிட ஆழமான ஒன்று உண்டு. அதைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் இந்த நாட்டின் தனியார் பஸ் கம்பனிகள் யாவும் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அந்தச் சபையின் குறைகளை எழுதப் புகுந்தால் பத்திரிகையின் எட்டுப் பக்கமும் போதாது. ஆனாலும் அதற்கு ஒரு கொள்கை இருந்தது: பணம் வரும் வழியில் சேர்ந்ததைக் கொண்டு பணம் வராத வழியிலும் ஓடுவது. விடியற்காலை முதல் பஸ்ஸும் இரவு கடைசி பஸ்ஸும் இலாபத்துக்காக ஓடுவதில்லை. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. கூட்டமுள்ள நேரத்தில் கூட்டமுள்ள வீதியில் பஸ்கள் பெருகின. அது பெரிய உதவிதான். விடியற்காலையும் முன்னிரவும் ஒதுக்குப்புறக் கிராமமும் சபையின் தலையில் விழுந்தன. சபை சில காலம் பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டு, பின் கம்பனிகளாக்கப்பட்டு, 2005இன் சட்டத்தால் மறுபடியும் ஒன்றாக்கப்பட்டது.

வடக்கில் நமது கதை வேறு. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் மருந்தைப்போல அரிதாயிற்று. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோல் ஊற்றி உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய சாமர்த்தியம் நம்மவருடையது. மற்ற எல்லோருக்கும் சைக்கிள். வைத்தியரும் சைக்கிளில், விரிவுரையாளரும் சைக்கிளில், நீதவானும் சைக்கிளில், குருவானவரும் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 இரவு குடாநாடு இடம்பெயர்ந்தபோது வீட்டையே சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தோம். அந்த நாட்கள் மீண்டும் வர வேண்டுமென்று எந்தப் பைத்தியக்காரனும் கேட்கமாட்டான். இருந்தாலும் நாற்பதைக் கடந்தவர்கள் ஒன்றை நினைவுகூரலாம்: அக்காலத்தில் வீதியில் பெரியவனென்றும் சிறியவனென்றும் இருக்கவில்லை. ஒழுங்கை குண்டும் குழியுமாக இருந்தால் அது எல்லோருடைய முதுகுக்கும் தெரிந்தது.

2009இன் பின் வீதிகள் திறந்தன. லீசிங் கம்பனிகளும் வந்தன. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமும் வந்தது. வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள், பின் இரண்டு, பின் கார். வசதி வந்தவர்கள் ஒவ்வொருவராக பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். ஆசிரியர் இறங்கினார். கச்சேரி உத்தியோகத்தர் இறங்கினார். வங்கிக்காரர் இறங்கினார். ஒருவரும் ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் இறங்கிய பின் பஸ்ஸில் யார் மிஞ்சினார்கள்?

குறிகட்டுவானிலிருந்தும் காரைநகரிலிருந்தும் காலையில் வரும் பஸ்ஸை ஒருநாள் உற்றுப் பாருங்கள். விடியமுன் நெடுந்தீவில் படகேறி வந்தவர்கள் அதில் இருப்பார்கள். புடவைக் கடையில் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்யும் பெண் பிள்ளைகள் இருப்பார்கள். கிளினிக் கொப்பியை சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போதனா வைத்தியசாலைக்குப் போகும் கிழவர் இருப்பார். புருஷனை யுத்தத்தில் இழந்து வீட்டு வேலைக்குப் போகும் தாய் இருப்பார். இவர்களுக்கு பஸ் ஒரு தெரிவன்று. அது ஒன்றே வழி. பஸ் வராவிட்டால் இவர்கள் பிந்துவார்கள், சம்பளம் வெட்டப்படும், கிளினிக் இலக்கம் தவறும். இவர்கள் யாருக்கு முறைப்பாடு எழுதுவார்கள்? எழுதினாலும் யார் வாசிப்பார்கள்?

அல்பேர்ட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர், பேர்லினில் பிறந்து நாட்சிகளின் கொடுமையால் நாட்டைவிட்டு வெளியேறியவர், 1970இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதற்கு வித்திட்டது நைஜீரியாவில் அவர் கண்ட ஒரு புதிர். வட நைஜீரியாவின் கச்சான் மூடைகளை எண்ணூறு மைல் தூரத்திலுள்ள துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல அரசாங்கப் புகையிரதம் இருந்தது. போட்டிக்கு லொறிகளும் வந்தன. போட்டி வந்தால் புகையிரதம் திருந்தும் என்றுதான் எவரும் நினைப்பர். அது திருந்தவில்லை. ஏன்? சேவை கெட்டபோது சத்தமிட்டுச் சண்டை பிடிக்கக்கூடிய பெரிய வாடிக்கையாளர்களே முதலில் லொறிக்கு மாறிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் குரலற்றவர்கள். நட்டத்தை அரசாங்கம் கட்டியது, திருத்தும்படி அதட்டுவாரில்லை. வெளியேற வழியுள்ளவர்கள் வெளியேறும்போது தங்கள் குரலையும் கொண்டுபோய்விடுகிறார்கள் என்பதே ஹேர்ஷ்மன் கண்ட உண்மை.

இதை வாசித்தபோது எனக்கு நைஜீரியா தோன்றவில்லை. நமது பஸ் நிலையந்தான் தோன்றியது. மழைக்கு ஒழுகும் தரிப்பிடம், துப்புரவில்லாத மலசலகூடம், நேர அட்டவணை எழுதப்படாத பலகை ஆகிய இவை ஏன் ஆண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கின்றன? அவற்றைத் திருத்தும்படி மாநகர சபையில் எழுந்து பேசக்கூடியவரும், பத்திரிகைக்குக் கடிதம் எழுதக்கூடியவரும், பிரதேச செயலாளரை நேரில் அறிந்தவரும் அங்கே நிற்பதில்லை. நாம் பஸ்ஸை விட்டபோது ஓர் இருக்கையை மட்டும் விட்டுவரவில்லை. சக பயணிகளாக இருந்த ஏழைகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவந்தோம்.

2022ஆம் ஆண்டு இதை ஒரு பரீட்சையாக நம்முன் வைத்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வரிசையில் இரவைக் கழித்தோம். பின் கியூஆர் அட்டை வந்தது; ஆரம்பத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த மாதங்களில் பலர் பல ஆண்டுகளின் பின் பஸ்ஸில் ஏறினார்கள். மிதிபலகையில் தொங்கினார்கள். “இப்படியா இந்தச் சனம் ஒவ்வொரு நாளும் போகுது!” என்று வியந்தார்கள். கடிதங்கள் எழுதினார்கள். 2023இல் அட்டை முறை நீங்கியது. வியந்தவர்கள் வீட்டுக்குப் போய் வாகனத்தை எடுத்தார்கள். கடிதங்களும் நின்றுவிட்டன. பஸ் அப்படியே இருக்கிறது.

கொழும்பிலுள்ள நம்மவர் நிலையும் வேறல்ல. 1960இல் ட்ராம் வண்டி நிறுத்தப்பட்ட அந்த நகரில், மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பானிய உதவியோடு அமையவிருந்த இலகு ரயில் திட்டமும் 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கடலோரப் புகையிரதம் ஓடுகிறது; காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸும் ஓடுகிறது. ஆனாலும் மகளைத் தனியே அனுப்பத் தயங்கி, ஒரு மைல் தூரத்துக்குக் காரில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போகும் குடும்பங்களை அறிவேன்.

மகள் என்ற சொல் வந்துவிட்டது. அதைத் தட்டிக்கழித்துப் போவது நேர்மையாகாது. “பஸ்ஸில் போ என்று எழுதுவது சுலபம், சுவாமி. என் பிள்ளை அதில் படும் பாடு உங்களுக்குத் தெரியுமா?” என்று ஒரு தாய் கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இந்த நாட்டில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். இது வெட்கக்கேடு. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இதை ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியுள்ளது. ஆனால் பொலிசுக்குப் போகிறவர் வெகு சிலர். பாதுகாப்பைப் பற்றியும் இப்படியே சொல்லலாம். 2025 மே 11ஆம் நாள் கொத்மலை கரண்டியெல்லவில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அளவுக்கு மிஞ்சிய சனம் அதில் ஏறியிருந்தது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு பஸ் பயணத்தைப் புண்ணியமென்று பாடுவது பொய்ப் பக்தி.

எனவே அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான். உங்கள் மகளை ஆபத்தில் விடும்படி எந்த ஒழுக்கமும் உங்களைக் கேட்காது. வாகனம் இருந்தால் அதில் கொண்டுபோய் விடுங்கள். மனச்சாட்சி உறுத்த வேண்டியதில்லை. ஆனால் அன்று மாலை ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். உங்கள் மகள் தப்பிவிட்டாள். அதே வகுப்பில் படிக்கும், தகப்பன் கடற்றொழிலுக்குப் போகும் மற்றப் பிள்ளை? அவள் அதே பஸ்ஸில்தான் வந்தாள். அவளுக்கு அருகில் மரியாதையான ஒரு தகப்பனார், ஓர் ஆசிரியை, இரண்டு மூன்று மூத்த மாணவிகள் இருந்திருந்தால் அந்தக் கயவனின் கை நீண்டிருக்குமா? பஸ்ஸில் தொந்தரவு நடக்கும்போது சுற்றி நிற்பவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று எல்லோரும் குறை சொல்கிறோம். வாய் திறக்கக்கூடியவர்கள் பஸ்ஸில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

தகப்பன்மாரே, இளைஞர்களே, இங்கேதான் நான் உங்களை நேரே நோக்குகிறேன். பஸ்ஸைத் திரும்பவும் எடுக்க வேண்டியவர்கள் முதலில் பெண்கள் அல்லர், நீங்கள்.

எல்லோருக்கும் இது கடமை என்று நான் சொல்லவில்லை. ஒழுக்கவியல் படித்த எவரும் கட்டளைக்கும் ஆலோசனைக்கும் உள்ள வேறுபாட்டை அறிவர். நோயாளிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், இரவு வேலை முடித்து வரும் தாதிக்கும், காலூனமுற்றவருக்கும் இது ஆலோசனையுங்கூட அன்று. நமது பஸ்களின் படி உயரம் காலூனமுற்றவருக்கு ஏணியில் ஏறுவதற்குச் சமம். ஒரே நாளில் நான்கு இடம் போக வேண்டிய தொழிலாளியின் மோட்டார் சைக்கிள் அவனுடைய ஆயுதம். அவர்களையெல்லாம் விட்டுவிடுவோம். ஆனால் தன் வீட்டு வாசலிலிருந்து ஐந்து நிமிட நடையில் பஸ் உள்ளவன், ஒரே அலுவலகத்துக்குக் காலை போய் மாலை வருபவன், பதினைந்து நிமிடம் பிந்துவதால் பெரிதாக ஒன்றும் இழக்காதவன், அவனுக்கு இது வெறும் ஆலோசனை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வாரத்தில் ஐந்து நாளும் என்று கேட்கவில்லை. இரண்டு நாள் ஏறினாலே அவனுக்கு பஸ்ஸின் நிலை தெரிந்திருக்கும், தெரிந்தவன் பேசுவான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தவிர்க்கிறோம். கடலோர மக்களாகிய நமக்கு அது உண்மையான ஒறுத்தல்தான். காருக்கும் அன்று ஓய்வு கொடுத்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

நேரத்தைப் பற்றிய மறுப்பு பெரியது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரைமணி நேரத்தை வீட்டில் பிள்ளைகளோடு கழிக்கலாமே என்பார்கள். கழிக்கலாம். கழிப்பவர்களை நான் மதிக்கிறேன். மிச்சம் பிடித்த அரைமணி பிள்ளைகளுக்குப் போகிறதா, கைத்தொலைபேசிக்குப் போகிறதா என்பதை அவரவர் வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

குருமாரைப் பற்றியும் கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்வி. நடுச்சாமத்தில் அவஸ்தைப் பூசுதலுக்கு அழைப்பு வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது என்பது உண்மை. ஆயர் இல்லத்துக் கூட்டத்துக்கு நான்கு பங்கிலிருந்து நான்கு வாகனம் வரத் தேவையில்லை என்பதும் உண்மை.

இதில் பங்குகளாக நாம் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அதற்கு அரசாங்கத்தையோ மாநகர சபையையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. நமது மாலைத் திருப்பலிகளும் பங்குச் சபைக் கூட்டங்களும் ஞானொடுக்கங்களும் எத்தனை மணிக்கு முடிகின்றன என்று பாருங்கள். பல இடங்களில் அந்த வீதியின் கடைசி பஸ் போனதன் பின்புதான் முடிகின்றன. வாகனம் உள்ளவர்கள் நேரம் குறிக்கிறார்கள். வாகனம் இல்லாதவர்கள் இறுதி ஆசீருக்கு முன்னரே பின்பக்கத்தால் எழுந்து போகிறார்கள், அல்லது வராமலே விட்டுவிடுகிறார்கள். “அந்தப் பக்கத்துச் சனத்துக்குப் பக்தி குறைவு” என்று பிறகு பேசிக்கொள்கிறோம். கூட்டத்தை அரைமணி முந்தித் தொடங்கினால் அந்தப் பக்தி கூடிவிடும். மாலைப் பூசை முடிந்ததும் கார் வைத்திருப்பவர்கள், “எந்தப் பக்கம் போறீங்கள், அம்மா?” என்று வாசலில் நின்று கேட்கவும் கூடும்.

கோயில் முகப்பில் திருப்பலி நேரங்கள் எழுதிய பலகை எல்லாப் பங்கிலும் உண்டு. அதன் கீழே, அவ்வழியால் ஓடும் முதல் பஸ்ஸினதும் கடைசி பஸ்ஸினதும் நேரங்களை எழுத நிறைய இடம் இருக்கிறது. நேரங்களைச் சரியாகக் கேட்டு வர இளைஞர் மன்றத்தார் இருவர் ஒரு பின்னேரம் டிப்போவுக்குப் போய்வந்தால் போதும். பஸ்ஸிலேயே போய்வரலாம்.